இரண்டு நாள் டிரையத்லான் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் போட்டிதான் டிரையத்லான். சனிக்கிழமை ஸ்பிரிண்ட் என்ற குறைந்த தூரம், ஞாயிற்றுக்கிழமை அதைப் போல இரண்டு மடங்கான ஒலிம்பிக் தூரம். இரண்டையும் முடித்தால் தனி மெடல், தனி ஜெர்சி. கட்டணம் 11,500 ரூபாய். சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் பிப்ரவரியில் நடந்த போட்டி. நானும், நாலு வருடமாக என்னோடு பயிற்சி செய்யும் ஒரு தம்பியும் பணம் கட்டினோம். திங்கட்கிழமை காலை அவன் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

நடத்தியவர்கள் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம், அது முடியட்டும். ஆனால் இதே மாதிரி ‘டபுள்’ பேக்கேஜ்களுக்கு நண்பர்கள் ஆசையாகப் பெயர் கொடுப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அடுத்தடுத்த நாளில் ரேஸ் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை. ஹவாயில் 1983 முதல் அல்ட்ராமேன் என்ற நெடுந்தூர டிரையத்லான் நடக்கிறது. மூன்று நாளில் 515 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளுக்கும் 12 மணி நேரக் கெடு. கூடவே வந்து தண்ணீரும் சாப்பாடும் கொடுக்க ஒவ்வொருவரும் தன் ஆட்களை அழைத்து வந்தே ஆக வேண்டும். இரண்டாம் நாள் உடம்பு முதல் நாள் உடம்பு இல்லை என்று தெரிந்தவர்கள் போட்ட விதி அது. எங்களுக்கு விற்கப்பட்ட பேக்கேஜில் இந்தப் புரிதல் துளியும் இல்லை. சனிக்கிழமைக்குச் செய்த ஏற்பாட்டில் மிஞ்சியதை வைத்து ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். கடலில் நீந்துபவர்களைக் கவனிக்க ஆறேழு கயாக் (சின்னத் துடுப்புப் படகு), கரையில் லைஃப்கார்டுகள், ஒவ்வொரு யூ டர்னிலும் போலீஸ், வாளி வாளியாக ஐஸ், ஓஆர்எஸ் பாக்கெட், டாக்டரோடு ஆம்புலன்ஸ். போட்டோக்காரர்கள் மட்டும் நாலு பேர். நானே வீட்டுக்குப் போன் போட்டு, “ஏற்பாடு பிரமாதம்” என்றேன். அன்றைக்குக் கூட்டமும் நானூறுக்கு மேல். மறுநாள் ஒலிம்பிக் தூரத்துக்கு நின்றவர்கள் எழுபது பேர்கூடத் தேறாது. அந்த எழுபது பேருக்காக எதற்குச் செலவு என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகம்.

சாயங்காலம் ‘ரெக்கவரி டென்ட்’டில் நடந்ததை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. பிசியோ இருப்பார் என்று சொல்லியிருந்தார்கள். டீ ஷர்ட் போட்ட ஒரு பையன்தான் இருந்தான். தொடை பிடித்திருக்கிறது என்று தம்பி சொன்னதும், ஒரு அட்டையிலிருந்து இபுப்ரோஃபென் மாத்திரை நாலைக் கத்தரித்துக் கொடுத்தான். “நைட் ரெண்டு, காலைல ரெண்டு போட்டுக்கோங்கண்ணா, வலியே தெரியாது.” உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். மறுநாள் மூன்று மணி நேரம் வெயிலில் ஓடப்போகிறவனிடம் அதை நீட்டியிருக்கிறார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

இரவு சைக்கிள்களை டிரான்ஸிஷனிலேயே, அதாவது நீச்சல் முடித்துச் சைக்கிளுக்கு மாறும் இடத்திலேயே, விட வேண்டும், காவல் உண்டு என்றார்கள். விடிகாலையில் போனால் சைக்கிள் மாட்டும் ரேக்கையே இடம் மாற்றியிருந்தார்கள். சைக்கிள்களை அள்ளிக்கொண்டுபோய் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்திருந்தார்கள். பின்சக்கரத்தின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிணைக்கும் டீரெய்லர் ஹேங்கர் என் சைக்கிளில் உள்பக்கமாக வளைந்திருந்தது. பெரிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றினால் செயின் ஸ்போக்ஸுக்குள் போய்விடும். மெக்கானிக்கைக் கேட்டால், “அவர் நேத்தோட கிளம்பிட்டாருங்க” என்றார்கள். சுண்டுவிரல் நீள உலோகத்துண்டுதான். ஆனால் அது வளைந்தால் 40 கிலோமீட்டரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும்.

ஆறேகாலுக்குத் தொடங்க வேண்டிய நீச்சல் ஏழு நாற்பதுக்குத் தொடங்கியது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “வன்னி இழுக்குதுப்பா, பாத்துப் போங்க” என்றார். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்துக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பேர் அது. மிதவைகளின் நங்கூரம் அதற்குத் தாங்கவில்லை. திரும்ப வேண்டிய மஞ்சள் மிதவை என் கண்ணெதிரே தெற்கே நகர்ந்துகொண்டே போனது. 1.5 கிலோமீட்டர் நீச்சல் என் கடிகாரத்தில் 1.9 காட்டியது. கடலில் இருந்தவை இரண்டே கயாக். எனக்கு இருபது மீட்டர் தள்ளி ஒருவர் மூச்சு வாங்கிக் கையைத் தூக்கினார். கயாக்கில் இருந்தவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மீன் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் போட்டுக்காரர்தான் கயிறு போட்டு அவரை இழுத்தார்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லானில் நேர்ந்த திடீர் மரணங்களையும் இதயம் நின்ற சம்பவங்களையும் தொகுத்த ஆய்வு ஒன்று உண்டு. அவற்றில் நான்கில் மூன்று பங்கு நீச்சலின்போது நேர்ந்தவை. கயாக்கில் மிச்சம் பிடிப்பது எதில் மிச்சம் பிடிப்பது என்று இதிலிருந்து விளங்கும்.

சைக்கிள் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். யூ டர்னில் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கார்களில் மகாபலிபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் புகுந்து திரும்பினோம்.

ஓட்டத்தில்தான் எல்லாம் உடைந்தது. முதல் நாள் செலவான கிளைகோஜனை, அதாவது தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையை, நன்றாகச் சாப்பிட்டாலும், தசை மீட்டுக்கொள்ளக் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகும். வியர்வையில் போன உப்பும் பாக்கி. வெள்ளி இரவு 71.4 கிலோ இருந்தேன். ஞாயிறு காலை 69.8. அப்படிப்பட்ட உடம்போடு ஒன்பதரை மணி வெயிலில் 10 கிலோமீட்டர். நான்காவது கிலோமீட்டரில் இருந்த தண்ணீர் மேஜையில் ஒரு காலி பபிள்டாப் கேன் கவிழ்ந்து கிடந்தது. கப்புகள் மட்டும் அடுக்கு குலையாமல் இருந்தன. “தண்ணி வருதுன்னு சொன்னாங்கண்ணா, வரலைண்ணா” என்றது அங்கே தனியாக நின்ற காலேஜ் பிள்ளை. அழுதுவிடும்போல இருந்தது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஓஆர்எஸ் எங்கேயும் இல்லை. பெட்டிக்கடையில் கடன் சொல்லி இரண்டு சோடா வாங்கினோம், உப்புப் போட்டு.

தம்பி முடித்தான். முடித்திருக்கக் கூடாது. மெடலைக் கழுத்தில் போட்டதும் மணலில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. ஆம்புலன்ஸ் என்று நின்ற வேனில் டிரைவரும் ஒரு ஸ்ட்ரெச்சரும் மட்டுமே இருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன்: “அண்ணே, ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி போகுதுண்ணே.” உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலக்கும் ராப்டோமயோலிசிஸ். தசை சிதையும்போது ரத்தத்தில் ஏறும் சிகே என்ற நொதி சில நூறுக்குள் இருக்க வேண்டும், அவனுக்கு 14,000ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. நாலு நாள் உள்ளே. டயாலிசிஸ் வரை போகாமல் தப்பினான். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் அந்த நிறத்தில் போனால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

புகார் சொன்னபோது கிடைத்த பதில்: “வெய்வர்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்.” பிறகு, அடுத்த வருடப் போட்டிக்கு 20 சதவீதம் தள்ளுபடி தருவதாக ஒரு செய்தி. வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் மேஜையின் படத்தைப் போட்டேன். பத்து நிமிடத்தில் என்னை நீக்கினார்கள்.

அந்த வெய்வரில், ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொள்கிறேன் என்றுதான் கையெழுத்துப் போட்டோம். விளம்பரத்தில் சொன்ன கயாக்கும் டாக்டரும் தண்ணீரும் இல்லாமலே நடத்திக்கொள்ளுங்கள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இது சேவைக் குறைபாடு. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முதலில் பதிவு செய்தோம். பிறகு மாவட்ட ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நீங்கள் இப்படிப்பட்ட போட்டிக்குப் போவதானால், இரண்டாம் நாளைப் பற்றி மட்டும் தனியாகக் கேளுங்கள். அன்றைக்கு எத்தனை கயாக், டாக்டர் இருப்பாரா, எந்தெந்தக் கிலோமீட்டரில் உப்புநீர், மெக்கானிக் எத்தனை மணி வரை, சைக்கிளுக்கு யார் பொறுப்பு என்று மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்குங்கள். போன வருடம் இரண்டாம் நாள் ஓடியவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். முதல் நாள் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையில் சொந்தமாக உப்பு மாத்திரையும் ஒரு ஹேங்கரும் வைத்திருங்கள். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும், உங்களுடையதையே வாங்குங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களோடு நீந்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கடிகாரத்தின் ஜிபிஎஸ் பதிவை அழித்துவிடாதீர்கள். மிதவை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதற்கு இப்போதைக்கு எங்களிடம் இருப்பது என் பதிவும் தம்பியின் பதிவும்தான்.