அப்பச்சியின் காருக்கு ஏ.டி.எஃப். மாற்றியது: காரைக்குடி அனுபவம்

முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்காகத் தை மாதம் கோலாலம்பூரிலிருந்து வந்தபோது, திருச்சி விமான நிலையத்திலிருந்து கானாடுகாத்தான் வரை அப்பச்சியின் ஆட்டோமேட்டிக் காரை நானே ஓட்டினேன். வண்டியை எடுக்கும்போது ரிவர்ஸிலிருந்து முன்னே ஓட்டும் நிலையான டி-க்கு மாற்றியதும், கார் ஒரு நொடி அசையாமல் நின்று, பிறகு பின்னாலிருந்து யாரோ இடித்தாற்போல் நகர்ந்தது. புதுக்கோட்டை தாண்டித் திருமயம் வரும்வரை, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு ஏறும்போதெல்லாம் அதே குலுக்கல் இருந்தது. 2015இல் வாங்கிய அந்த வண்டி 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என்ஜின் ஆயில் ஆண்டுதோறும் மாறியிருக்கிறது, ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஒருமுறைகூட மாறியதில்லை. "கோயிலுக்கும் கடைக்கும்தானப்பா ஓட்டுறேன், அதுக்கு எதுக்கு?" என்றார் அப்பச்சி.

கோயிலுக்கும் கடைக்கும் ஓட்டுவதுதான் இங்கே சிக்கல். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் இந்த எண்ணெய் வெறும் மசகு அன்று. கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கும் விசையை அதுவே கடத்துகிறது, சூட்டையும் அதுவே வாங்கி வெளியேற்றுகிறது. வெயிலில் குறுகிய தூரம் ஓடி, சந்தைக் கூட்டத்தில் நின்று நின்று நகரும் வண்டியைத் தயாரிப்பாளர்களே கடினமான ஓட்டம் என்ற பிரிவில்தான் சேர்க்கிறார்கள். சாதாரண ஓட்டத்துக்குக் கையேடுகள் பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை சொல்லும். கடின ஓட்டத்துக்கு அதற்கும் முன்பே மாற்றச் சொல்லும். வண்டி குறைவாகவே ஓடினாலும் எண்ணெய்க்கு வயதாகாமல் இருப்பதில்லை.

காரைக்குடியில் முதலில் போன பட்டறையில், "இது லைஃப்டைம் ஆயில், திறக்கவே வேண்டாம்" என்றார்கள். நான் விடாமல் கேட்டபோது, அப்படியானால் இயந்திரம் வைத்து முழுவதையும் ஃப்ளஷ் செய்துவிடலாம் என்றார்கள். ஒரே மூச்சில் வந்த இவ்விரண்டு ஆலோசனைகளும் எனக்கு ஒப்பவில்லை. எண்ணெய் கெடும்போது கியர்பாக்ஸின் ஆயுளும் சேர்ந்து முடியும் என்பதுதான் லைஃப்டைம் என்பதற்கு நான் கொள்ளும் பொருள். பத்தாண்டு தொடாத பெட்டியில் அழுத்தம் கொடுத்துக் கழுவினால், அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வுகளின் நுண்ணிய துளைகளில் போய் அடைக்கக்கூடும்.

இரண்டாவதாகப் போனது ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் இருந்த சிறிய பட்டறை. அங்கிருந்த மெக்கானிக் பேச்சைத் தொடங்கும் முன்பே அளவுக் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, முகர்ந்து பார்த்தார். செம்பருத்திச் சாற்றைப் போல் சிவந்து தெளிந்திருக்க வேண்டியது கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் இருந்தது. "தீஞ்ச வாடை இல்லண்ணே, தப்பிச்சுது" என்றார். கையேட்டில் குறித்த வகை எண்ணெய் அன்று அவரிடம் இல்லை. கையிலிருந்ததை ஊற்றிவிடாமல் இரண்டு நாள் அவகாசம் கேட்டு வரவழைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். கேட்கும் பெட்டியில், பெல்ட்டில் இயங்கும் வேறுவகை ஆட்டோமேட்டிக்கான சி.வி.டி.யின் எண்ணெயையோ, சி.வி.டி.யில் இதையோ ஊற்றினால் பழுது நிச்சயம்.

கானாடுகாத்தானிலிருந்து ஓட்டி வந்த தூரமே எண்ணெய் சூடாகி எளிதாக வடியப் போதுமானதாக இருந்தது. வடிந்ததை அவர் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வரிசையாக வைத்தார். மூன்றாவது பாட்டிலின் கழுத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. அதே அளவு புதிய எண்ணெயை இன்னொரு வரிசையில் அளந்து, அதையே ஊற்றினார். ஊற்றுவதற்கு முன், பான் எனப்படும் அடித்தட்டைக் கழற்றியபோது காந்தத்தில் விபூதியைக் குழைத்தாற்போல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம்தான், உலோகச் சீவல்கள் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஃபில்டர், பான் கேஸ்கெட், வடிக்கும் போல்ட்டின் வாஷர் ஆகிய மூன்றும் புதிதாக மாறின. பில்லில் கூலியைவிட எண்ணெயின் விலையே பெரியது.

மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ ஆறு லிட்டர் என்பதால் இப்படி வடிப்பதில் பாதிதான் மாறுகிறது. மீதி, என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து நிரப்பினால் முக்கால் பங்கு புதியதாகிவிடும். ஃப்ளஷ் இல்லாமல் நான் தேர்ந்த வழி இது.

அளவு பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சமதளத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் மெல்ல நகர்த்தி, மீண்டும் பி-யில் (பார்க்கிங்) வைத்த பிறகே இந்த வண்டியில் கம்பியைப் பார்க்க வேண்டும். கம்பியே இல்லாத புதிய கார்களில், ஸ்கேனரில் எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே வழிவுத் துளையின் மூலம் அளவைச் சரிசெய்கிறார்கள். பலவற்றில் அந்த வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டியே இருக்கும். சித்திரை வெயிலில் மதியம் தகரக் கொட்டகைக்குள் விட்டால் வேலை தொடங்கும் முன்பே அது தாண்டிவிடும் என்பதால், காலையில் முதல் வண்டியாக விடுவது உத்தமம். அவ்வகைக் கார்களில் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பின்பே வடிக்கும் போல்ட்டைத் தொடச் சொல்லுங்கள். முன்னது துருவேறி இறுகியிருந்தால் காலிப் பெட்டியோடு வண்டி அங்கேயே கிடக்கும்.

பக்கத்து வீட்டு ஆச்சி தம் மகனின் காருக்கும் இதைச் செய்யவேண்டுமா என்று கேட்டார்கள். அது ஏ.எம்.டி.; கிளட்ச் பெடல் இல்லாததால் ஊரில் அதையும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம், உள்ளே இருப்பது கிளட்சையும் கியரையும் தானே மாற்றிக்கொள்ளும் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். அதற்குக் கியர் ஆயில்தான், ஏ.டி.எஃப். அன்று.

அன்றிரவு காருக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் அதில் ஒரு சொட்டுகூட இல்லை. பிள்ளையார்பட்டி வரை ஓட்டிவிட்டு வந்த அப்பச்சி, இரண்டாம் முறை மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாமே ஒரு சீட்டில் எழுதி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்.