ரொறொன்ரோ பொது நூலகம்: புதிதாக வந்த குடும்பத்துக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

நூறு கிளைகள் இருக்கின்றன. ஜனவரி வந்தால் சில கிளைகளில் தமிழ் மரபுத் திங்கள் களைகட்டும். ஒன்ராறியோ 2014-இலும் கனடிய நாடாளுமன்றம் 2016-இலும் ஏற்றுக்கொண்ட மாதம் இது. நிகழ்ச்சிகள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கோலமும் பரதமும் பார்த்துக் கைதட்டிய குடும்பம் பிப்ரவரியில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஊரோடு ஒட்டவைப்பது ஆரவாரமில்லாமல் வருடம் முழுக்க நடக்கும் வேலைகள்தான். மதிப்பெண் போடுவதென்றால் அவற்றுக்குத்தான் போட வேண்டும்.

முதலில் அட்டை. நகருக்குள் வசிப்பவருக்கும், வேலை செய்பவருக்கும், படிப்பவருக்கும் இலவசம். இணையத்தில் பதிந்தாலும் அச்சுப் புத்தகம் எடுக்கக் கிளைக்குப் போய் அடையாளம் காட்ட வேண்டும். இங்கேதான் பலர் திரும்பி வருகிறார்கள்: கடவுச்சீட்டில் ரொறொன்ரோ முகவரி இருக்காது. வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கடிதமோ கூடவே கொண்டுபோங்கள். தாமதக் கட்டணம் 2022-இல் அடியோடு எடுக்கப்பட்டுவிட்டது; தொலைத்தாலோ சேதப்படுத்தினாலோதான் பணம்.

சில கிளைகளில் குடியேற்ற ஆலோசகர் உட்காருவார். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, சுகாதார அட்டை, குழந்தை நலத்தொகைப் படிவம் எல்லாம் கேட்கலாம். அவர் நூலக ஊழியர் அல்ல, பங்காளி அமைப்பிலிருந்து வருபவர். எல்லா நாளும் இருக்கமாட்டார். சம்பளம் மத்திய அரசின் குடிவரவு நிதியிலிருந்து வருவதால் நிரந்தரவாசிகளுக்கும் ஏற்கப்பட்ட அகதிகளுக்கும்தான் முதலிடம். மாணவர் விசாவில் இருப்பவரும், அகதிக் கோரிக்கை இன்னும் முடியாதவரும் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆங்கில உரையாடல் வட்டம் வகுப்பு இல்லை. தேர்வும் சான்றிதழும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து பேசுவதுதான். அரசு நிதியில் நடக்கும் மொழி வகுப்புக்கு இது மாற்று என்று நினைத்து வருபவர் ஏமாறுவார். கூச்சம் போக இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே மொழிக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு தமிழுக்குத் தாவிவிடும்; தள்ளி உட்காருங்கள்.

தமிழ்ப் புத்தகங்கள் ஸ்காபரோ பக்கக் கிளைகளில் அதிகம். மற்ற இடத்தில் இருப்பவர் முன்பதிவு செய்தால் அருகிலுள்ள கிளைக்கே இலவசமாக வந்துசேரும். தவணை 21 நாள். தொல்லை தேடலில்தான். நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் ஏற்றும் முறையில் 'ச'வுக்கு எஸ் இல்லை, சி. 'த'வுக்கு வெறும் டி (t), எச் சேராது. 'ழ'வுக்கு இசட்-எச் போட்டால் ஒன்றும் வராது. அடிக்கோடிட்ட எல்தான் முறை, வெறும் எல் போட்டுத் தேடிப் பாருங்கள். முதலில் தமிழ் எழுத்திலேயே அடித்துப் பாருங்கள்; வராவிட்டால் இந்த எழுத்துக்கூட்டல். அதுவும் சரிவராவிட்டால் மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்து பட்டியலை மேய வேண்டியதுதான். இவ்வளவு தமிழர் வாழும் நகரத்தில் இந்த எழுத்துக்கூட்டல் குறிப்பைத் தமிழ் அலமாரி ஓரத்தில் ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகும்?