டேப்பெட் சத்தம் கேட்டால் கேட்கட்டும்: பழைய பைக்கோடு 11 வருடம்

2013-ல் இந்த வண்டி என் கைக்கு வந்தபோதே அதற்குப் பத்து வயது. 100 சிசி, நாலு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், முன்னும் பின்னும் ட்ரம் பிரேக், கிக்கர் மட்டும். ஓடோமீட்டர் அப்போது 41,000 கிலோமீட்டர் காட்டியது, இப்போது 97,000. முதல் வருடம் போக மற்ற வேலையெல்லாம் பெரும்பாலும் வீட்டு வாசலில் நானே பார்த்தது. அந்தப் "பெரும்பாலும்" ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் நான் கை வைத்தது ஆயில் மாற்றுவதில். அதில் என்ன தப்பு நடக்கும் என்று நினைத்தேன். ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு இழுப்பு இழுத்தேன், மரை போனது. போல்ட் இரும்பு, எஞ்சின் கேஸ் அலுமினியம். இரண்டும் மல்லுக்கு நின்றால் தோற்பது கேஸ்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் உள்ளே ஸ்பிரிங் மாதிரி காயில் மரை வைத்து வாங்கி வந்தேன். அன்றிலிருந்து நீளமான ஸ்பேனரை அந்தப் போல்ட்டில் வைப்பதே இல்லை. வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறேன். பழைய வாஷர் நசுங்கிப் போயிருக்கும், லேசாகக் கசியும், அதை நிறுத்தத்தான் நாம் மேலும் மேலும் இறுக்குவோம்.

ஆயிலில் இன்னொரு கோட்டையும் விட்டேன். காருக்கு வாங்கிய ஆயில் மீதம் இருந்தது, ஊற்றிவிட்டேன். இரண்டு நாளில் ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. இந்த வகை பைக்குகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, அது கிளட்ச்சை வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்ற குறி) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நல்ல வேளையாக, ஆயிலை மாற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் வழுக்கல் நின்றது. பிளேட் தப்பியது.

இனி பெரிய கதை. 2017-ல் எஞ்சினிலிருந்து "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம். சிக்னலில் நிற்கும்போது தையல் மெஷின் மாதிரி கேட்கும். அந்தச் சமயம் வேறு வேலைக்காக வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. மெக்கானிக்கிடம், "அண்ணே, இந்தச் சத்தத்தை எடுத்துடுங்க" என்றேன். "அது டேப்பெட் சத்தம் தம்பி, இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். நான் விடவில்லை. எடுத்துக் கொடுத்தார். வண்டி பூனை மாதிரி ஆனது. எனக்கு ஒரே பெருமை.

மூன்று வாரத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் ஒரே கிக்கில் ஸ்டார்ட். அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் ஐடிலிங் நிற்காது, சிக்னலில் ஆஃப் ஆகும். பிறகு எத்தனை உதை உதைத்தாலும் பிடிக்காது. இருபது நிமிடம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

சூடானால் நிற்கிற வண்டி என்று யாரிடம் சொன்னாலும் "காயில் போயிருக்கும்" என்பார்கள். இக்னிஷன் காயில் மாற்றினேன். போதாதென்று அதே நாளில் பிளக்கும் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவினேன். மூன்றையும் ஒரே நாளில் செய்ததுதான் முட்டாள்தனம். கார்புரேட்டரை மாட்டும்போது, ஐடிலிங்கில் காற்றின் அளவை வைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தப்பாக வைத்ததால் புதிதாக ஒரு மிஸ்ஸிங் சேர்ந்துகொண்டது, பழைய கோளாறு எது, நான் உண்டாக்கியது எது என்று ஒரு வாரம் பிரிக்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, கிலோமீட்டர், மாற்றிய ஒரே ஒரு பொருள். அடுத்த மாற்றம் அதை ஓட்டிப் பார்த்த பிறகுதான்.

கடைசியில் வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறும் முன், பிளக்கைக் கழற்றினேன். (கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு விரலில் இன்னும் அடையாளம் இருக்கிறது.) பிளக் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது, ஆக பெட்ரோல் வருகிறது. பிளக்கை அதன் கேப்பில் செருகி, துளையிலிருந்து தள்ளி எஞ்சின் உலோகத்தில் படும்படி பிடித்துக் கிக் அடித்தால் நீலத் தீப்பொறி, ஆக கரண்ட்டும் வருகிறது. மிச்சம் இருப்பது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். பிளக்கை மாட்டி உதைத்தபோதுதான் கவனித்தேன், காலையில் காலைத் தடுத்துப் பிடிக்கிற கிக்கர் இப்போது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மூன்று வாரமாக என் காலுக்குத் தெரிந்தது மண்டைக்கு ஏறவில்லை.

சிலிண்டரின் வாயைத் திறந்து மூடுவது வால்வ், அதை அழுத்தித் திறப்பது ராக்கர் ஆர்ம். ராக்கர் ஆர்முக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும், டேப்பெட் வேலை என்பது அதைச் சரியாக வைப்பதுதான். எஞ்சின் சூடானால் வால்வ் நீளும், அதற்கான இடம் அது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வ்தான் அதிகம் சூடாகும். சத்தம் போகட்டும் என்று அந்த இடைவெளியை நெருக்கிவிட்டால் சூட்டில் நீண்ட வால்வ் முழுதாக மூடாது. கம்ப்ரஷன் அதன் வழியே ஓடிவிடும். ஆறினால் சுருங்கும், மூடும், ஸ்டார்ட் ஆகும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் வால்வ் விளிம்பே எரிந்துபோகும், ஏனென்றால் மூடியிருக்கும்போதுதான் அது தன் சூட்டை ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல்மூடிக்கு) நன்றாகக் கடத்த முடியும். அந்த "டிக் டிக்" அந்த இடைவெளியின் சத்தம்தான். அதை எடுக்கச் சொன்னவன் நான்.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஃபீலர் கேஜோடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) உட்கார்ந்தேன். மேக்னெட் கவரில் இருக்கும் மூடியைத் திறந்து, மேக்னெட்டில் இருக்கும் "டி" குறியை எஞ்சின் கேஸ் குறியோடு நேராக வைக்க வேண்டும். இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் நீங்கள் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் இல்லை, இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். என் வண்டியின் மேனுவலில் போட்டிருப்பது 0.08 மில்லிமீட்டர். (உங்கள் வண்டிக்கு உங்கள் மேனுவல்தான், என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.) எக்ஸாஸ்ட் பக்கம் 0.05 தகடே நுழையவில்லை. சரிசெய்து லாக் நட்டை இறுக்கியதும் அளவு மாறிவிடும், அதனால் இறுக்கிய பிறகும் ஒருமுறை தகடு விட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆனது. இப்போது அரை மணி. "டிக் டிக்" திரும்பி வந்தது, வண்டி நிற்பது போனது. ஏழு வருடமாக 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கிறேன். சத்தம் திடீரென்று குறைந்தால்தான் இப்போது எனக்குப் பயம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கார்புரேட்டரைக் கழற்றுவது கஷ்டமில்லை, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம். ஏர் ஸ்க்ரூவை எடுக்கும் முன் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிடும், பிறகு எவ்வளவு திருப்பினாலும் ஐடிலிங் சரிவராது. கிளீனர் ஸ்ப்ரே போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்கள் சீக்கிரம் விறைக்கின்றன, அதை மட்டும் அடிக்கடி பார்க்கிறேன். வண்டியை ஒரு மாதம் நிறுத்துவதானால் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிடுவேன்.

ஸ்க்ரூ தலைகள் தேய்ந்து வழுக்குகிறதே என்று எரிச்சல்படுபவர்களுக்கு: ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் பலவற்றில் ஜேஐஎஸ் என்ற வகைக் கூட்டல் குறித் தலை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது. சரியான ஒன்றை வாங்கிய பிறகு எனக்கு ஒரு ஸ்க்ரூகூட வழுக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் வாங்கியதில் இதற்குத்தான் முதலிடம்.

செயின் தொய்வை ஒரே இடத்தில் பார்த்து நம்பாதீர்கள். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமான இடத்தில் 25 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும்படி வையுங்கள். பூட்டுக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். பிரேக் ட்ரம் தூசியை வாயால் ஊதவே கூடாது, பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

எலக்ட்ரிகல் என்றால் எனக்கு நடுக்கம். ஒரு மல்டிமீட்டர் வாங்கிய பிறகு கொஞ்சம் தெளிந்தது. எஞ்சினை முறுக்கினாலும் பேட்டரியில் 12.3 வோல்ட்டைத் தாண்டவில்லை, 13.5-க்கு மேல் வர வேண்டும். பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றச் சொன்னார்கள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முதலில் கனெக்டரைப் பிரித்தேன். உள்ளே பச்சைப் பாசி மாதிரிப் பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டியதும் 14.1.

வீட்டில் செய்யாதவையும் உண்டு. எஞ்சின் பிரிப்பது, சக்கரக் கம்பி இழுத்துக் கோட்டம் எடுப்பது, ஹேண்டில் பேரிங் இவை மூன்றும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான். இதற்கெல்லாம் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். அவசரமாக வேலைக்கு ஓட வேண்டிய ஒரே வண்டி இதுதான் என்றால் டேப்பெட்டைக்கூட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடாதீர்கள். சனிக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள்.

இப்போதைய நிலவரம்: காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் நீலப் புகை, பிறகு சுத்தமாகப் போய்விடுகிறது. ஓடும்போது முறுக்கினால் புகை இல்லை. அதனால் பிஸ்டன் ரிங் அல்ல, வால்வ் சீல் என்று கணக்கு. நோட்டின்படி 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி ஆயில் குடிக்கிறது, ஆறு மாதமாக அதே அளவு. சீல் வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன். ஹெட்டைக் கழற்ற இன்னும் துணிச்சல் வரவில்லை, டிப் ஸ்டிக்கை மட்டும் வாரம் ஒருமுறை துடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.