தமிழ் மீடியம் எல்.பி. (தொடக்கப் பள்ளி) வகுப்பில் எந்தத் தளங்கள் நின்றன?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாடநூல் கேரளத்து எஸ்.சி.இ.ஆர்.டி. (மாநிலப் பாடநூல் தயாரிக்கும் அமைப்பு) போட்டது; மொழி தமிழ். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2018 முதல் மாற்றிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் தமிழ்க் காணொளி ஓடும். ஆனால் அது அவர்கள் பாட வரிசைப்படி அமைந்தது. நான் இந்த வாரம் மூன்றாம் வகுப்புக்கு எடுக்கிற கணக்கு அங்கே வேறொரு வகுப்பில், வேறொரு பருவத்தில் கிடக்கும். சில ஆண்டுகள் இரண்டு பக்கமும் துழாவிப் பார்த்தாயிற்று. கடைசியில் எங்கள் வகுப்பில் தங்கியவை எந்த மாநிலப் பாடத்திட்டத்துக்கும் கட்டுப்படாத தளங்கள்தான்.

முதல் இடம் ஸ்டோரிவீவருக்கு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய கதைத் தளம். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கும். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். வகுப்பு எண்ணைப் பார்த்துக் கதை எடுக்க வேண்டாம். நான்காம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நிலைக் கதையைக் கொடுத்தால் அது ‘சின்னப் பசங்க புஸ்தகம்’ என்று முகத்தில் அடித்தாற்போல் எங்கும் எழுதியிருக்காது. படங்களும் நன்றாக இருக்கும். எல்லாம் திறந்த உரிமத்தில் இருப்பதால் பிடிஎஃப் ஆக இறக்கிப் பிரதி எடுத்துக் கொடுப்பதில் சிக்கலில்லை.

எங்கள் ஊருக்கென்றே அமைந்ததுபோல் இதில் இன்னொரு வசதி உண்டு. ஒரே கதை தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கும்; எல்லாக் கதையும் இல்லை, நிறையக் கதைகள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும் கலந்து, பள்ளியில் மலையாளம் ஒரு பாடம் என்று வளர்கிற பிள்ளைகள் இவர்கள். திங்களன்று தமிழில் படித்த கதையை அந்த வாரமே மலையாளத்தில் புரொஜெக்டர் வழியே சுவரில் போடுவேன். கதை தெரியும், படம் தெரியும். எழுத்து மட்டும்தான் புதிது. மலையாள வாசிப்புக்குத் தனியாக எடுத்த பயிற்சிகளைவிட இது வேகமாக வேலை செய்தது என்பது என் கணிப்பு. மலையாளம் எடுக்கும் டீச்சரும் இப்போது கதையை என்னிடம் கேட்டுத்தான் எடுக்கிறார். தளத்தில் நாமே மொழிபெயர்த்துச் சேர்க்கவும் வழி இருக்கிறது. தமிழில் இல்லாத ஒரு மலையாளக் கதையை நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் வரிவரியாகத் தமிழாக்கினார்கள். பாதி கொங்குப் பேச்சு, நான் திருத்தவில்லை.

கணக்குக்கு ஃபெட் (PhET). திரையில் இழுத்து நகர்த்திச் செய்து பார்க்கிற பயிற்சிகள் உள்ள தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம். அறிவியல்தான் அதிகம் என்றாலும் தொடக்கப் பள்ளிக்கு ஏற்ற கணக்குகளும் உண்டு. சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் இருக்கிறது. பரப்பளவு கட்டும் பயிற்சி ஒன்றே போதும், இந்தத் தளத்தை நான் சிபாரிசு செய்ய. கட்டம் போட்ட பலகையில் சதுரங்களை இழுத்து வைத்தால் பரப்பும் சுற்றளவும் பக்கத்திலேயே காட்டும். 12 சதுரத்தை நாலுக்கு மூன்றாக அடுக்கினால் சுற்றளவு 14. ஆறுக்கு இரண்டாக வைத்தால் 16. ஒரே வரிசையாக நீட்டினால் 26. “இடம் அதே அளவுதானுங் டீச்சர், வேலி மட்டும் எப்புடி நீளுது?” என்று கடலைக்காட்டுக்கு வேலி போடுவதைப் பார்த்த ஒரு பையன் கேட்டான். அதற்குப் பிறகு பாடநூலைத் திறக்க அவசரமே இல்லை. சாக்பீஸ் எடுத்துக்கொண்டு எல்லாரும் தரையில் கட்டம் போட இறங்கிவிட்டார்கள். பின்னப் பயிற்சியும் நல்லதே. அதில் கேக்கை வெட்டுவதைவிடக் குடுவையில் நீர் நிரப்பும் படம் எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு ஜிகாம்ப்ரி (GCompris) என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு. இது தளமல்ல, கணினியில் நிறுவுகிற மென்பொருள். பள்ளிகளுக்குக் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் லினக்ஸ் மடிக்கணினியிலேயே இருக்கும். மவுஸ் பிடிக்கப் பழக இதற்கு மேல் வேண்டாம்.

நிற்காதவையும் உண்டு. பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலி ஒன்று வீட்டில் தனியே உட்கார்ந்து படிக்க அருமையானது. முப்பது குரல் கேட்கிற வகுப்பில் யார் வாசிக்கிறார்கள் என்று அதற்கே தெரியவில்லை. மதிப்பெண் பட்டியல் போட்டு விரைவுப் போட்டி நடத்தும் வினாடி வினாத் தளங்களை நான் விட்டுவிட்டேன். முதல் மூன்று இடத்துக்கு எப்போதும் அதே மூன்று பேர். மற்றவர்கள் யோசிக்காமல் தட்டுகிறார்கள். காணொளித் தளத்தை நேரலையாகச் சுவரில் திறப்பதும் இல்லை. பாடம் முடிந்த நொடியில் அடுத்து என்ன வரும் என்பது நம் கையில் இல்லை.

நான் வைத்துக்கொண்ட முக்கிய அளவுகோல், இணையம் இல்லாமல் ஓடுமா என்பது. ஜூனில் பள்ளி திறக்கும்போதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிடும். தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் மின்சாரமும் போகும், நெட்டும் போகும். ஃபெட் பயிற்சி ஒவ்வொன்றும் ஒற்றைக் கோப்பாக இறங்கும். பிரவுசரில் திறந்தால் நெட் வேண்டாம். கதைகளும் பிடிஎஃப். இரண்டையும் வீட்டிலேயே இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகிறேன். மடிக்கணினியில் சார்ஜ் இருந்தால் புரொஜெக்டர் இல்லாமலும் பத்துப் பத்துப் பேராக உட்கார வைத்து நடத்தலாம். ஓட்டு வீட்டு வகுப்பறையில் பதினோரு மணிக்கு மேல் வெளிச்சம் அதிகம், சுவரில் படம் வெளிறிப்போகும். அதனால் கணினி வேலை எல்லாம் முதல் இரண்டு பீரியடில்.

பெற்றோர் தரப்பில் கேள்வி வந்தது. “ஏனுங் டீச்சர், வூட்லதான் செல்லுன்னா பள்ளிக்கூடத்துலயுமா?” என்று ஓர் அம்மா பி.டி.ஏ. கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது, 2020 ஜூன் 1 முதல் கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் நடந்த ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகளோடு வீட்டுக்குள் வந்த போன் இன்னும் வெளியே போகவில்லை. அடுத்த நாள் அவரை வகுப்பில் உட்கார வைத்தேன். திரை ஓடியது கால் மணி நேரம். மீதி நேரம் தரையும் சாக்பீஸும். பிறகு அவர் கேட்டது வேறு: கதையை அச்சிட்டுத் தர முடியுமா என்று.

முடியும்; ஆனால் கலர் பிரின்ட் கட்டுப்படியாகாது, கறுப்பு வெள்ளையில் படம் கரியாகிவிடுகிறது. இப்போதைக்குப் படத்தைச் சுவரில் காட்டிவிட்டு, எழுத்தை மட்டும் தனியாகத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். படத்துக்கு இடம் விட்டிருப்பேன், பிள்ளைகளே வரைந்துகொள்கிறார்கள்.