லக்கி இமேஜிங்கா, அடாப்டிவ் ஒப்டிக்ஸா? மட்டக்களப்புக் கல்லடிக்கும் சிலி மலைக்கும் விடை வேறு

வியாழனின் பட்டைகள் திரையில் நெளிவதற்குப் பெரும்பாலும் தொலைநோக்கி காரணமில்லை. சூடும் குளிருமாகக் கலந்து ஓடும் காற்று ஒளியைத் திசைமாற்றிக்கொண்டே இருக்கிறது. இதை வெல்ல இரண்டு வழி உண்டு. காற்று அடங்கும் கணங்களில் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பது லக்கி இமேஜிங். கலைந்த அலைமுகப்பை (ஒளி அலையின் முன்பரப்பை) அளந்து, கண்ணாடியை அதற்கேற்ப உடனுக்குடன் வளைப்பது அடாப்டிவ் ஒப்டிக்ஸ்.

எது சரிவரும் என்பது, தொலைநோக்கியின் விட்டம் ஃப்ரீட் நீளத்தைப்போல எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தது. காற்று எந்த அகலம் வரைக்கும் அலைமுகப்பைப் பெரிதாகக் குலைக்காமல் விடுகிறதோ, அதுதான் ஃப்ரீட் நீளம். நட்சத்திரம் 2 ஆர்க் செக்கன் (ஒரு ஆர்க் செக்கன் என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்குப் பரவித் தெரியும் இரவில் அது ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். அன்றைக்கு 20 சென்ரிமீற்றர் தொலைநோக்கிக்கு விகிதம் 4. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஃப்ரீட் 1978இல் தந்த சூத்திரப்படி, கிட்டத்தட்ட இரண்டு படத்துக்கு ஒன்று தேறும். விகிதம் 7 ஆனால் ஏறத்தாழ 370இல் ஒன்று. 10 ஆனால் பத்து லட்சத்தில் ஒன்று. சிலியின் செரோ அர்மசோனஸ் மலையில் கட்டப்படும் 39 மீற்றர் தொலைநோக்கிக்கு விகிதம் நூற்றுக்கணக்கில் போகும். அங்கே அதிர்ஷ்டத்துக்குக் காத்திருப்பது வீண்.

ஆகவே மட்டக்களப்பில் கோள் படம் எடுப்பவர்களுக்கு லக்கி இமேஜிங்தான். படச்சட்டத்தைக் கோளைச் சுற்றி 640×480 பிக்சல் அளவுக்குச் சுருக்குங்கள். எக்ஸ்போஷர் 5 முதல் 10 மில்லிசெக்கன். அதற்கு மேல் போனால் நடுக்கமும் படத்தில் பதிந்துவிடும். வியாழன் 10 மணித்தியாலத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவதால் வீடியோ 2, 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. சிறந்த 10 முதல் 20 வீதத்தை மட்டும் அடுக்குங்கள். பகல் முழுக்கச் சூடேறிய கொங்கிறீட் தளம் நள்ளிரவு வரை வெப்பம் விடும். கல்லடியில் புல் தரையோ மணலோ அதைவிட எவ்வளவோ மேல். தொலைநோக்கிக் குழாயை ஒரு மணித்தியாலம் முன்னரே வெளியில் வையுங்கள். வாவிப் பக்கம் ஈரப்பதன் கூட என்பதால் டியூ ஹீற்றர் (கண்ணாடியை இளஞ்சூடாக வைக்கும் பட்டி) இல்லாமல் முன்கண்ணாடி பனித்துவிடும். ஒரு பெரிய வசதியும் நமக்கு உண்டு: 7.7 பாகை வட அகலாங்கில் வியாழனும் சனியும் உச்சம் கடக்கையில் 55 பாகைக்கு மேலேயே நிற்கும். அந்த நேரத்தில் எடுத்தால் நிறப்பிரிகைத் திருத்திக்கு (தாழ்வான கோளின் நிறங்களைக் காற்று பிரிப்பதைச் சரிசெய்யும் கருவி) காசு செலவழிக்கத் தேவையில்லை.

சிறிய தொலைநோக்கிகளுக்கென்று விற்கும் டிப்-டில்ட் கருவி, அதாவது படம் முழுவதும் அசைவதை மட்டும் திருத்தும் கருவி, இதற்கு மாற்றல்ல. நட்சத்திரம் மங்கலானால் அது செக்கனுக்குச் சில தடவைதான் திருத்தும். மவுண்டின் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் தளத்தின்) பிழையும் காற்றில் ஆடும் ஆட்டமும் குறையும், வளிமண்டலக் கலக்கம் அப்படியே இருக்கும். நெபுலாவுக்கு நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பவர் வாங்கலாம்.

சிலியில் போட்டி வேறு. அங்கே 39 மீற்றர் தொலைநோக்கிக்குள் 2.4 மீற்றர் அகலமும் 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்பும் கொண்ட கண்ணாடியை 5,000க்கு மேற்பட்ட ஆக்சுவேற்றர்கள் (நுண்ணிய தள்ளுகருவிகள்) செக்கனுக்கு 1,000 தடவை வரை வளைக்கும். கேள்வி, எதைப் பார்த்து வளைப்பது என்பதுதான். பிரகாசமான இயற்கை நட்சத்திரம் அருகில் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வானத்தின் பெரும்பகுதியில் அப்படி ஒன்று கிடைக்காது. அப்போது லேசரால் செயற்கை நட்சத்திரம் ஒன்றை உண்டாக்குவார்கள். காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பயன்படுத்தும் ரேலி லேசர் மலிவு, ஆனால் 10, 20 கிலோமீற்றர் உயரத்திலிருந்தே ஒளி திரும்புகிறது. அந்த ஒளிப்புள்ளியிலிருந்து கண்ணாடி வரை விரியும் கூம்புக்கு வெளியே உள்ள காற்று அளக்கப்படாமல் போவதால் பெரிய கண்ணாடிக்கு உதவாது. 589 நனோமீற்றர் சோடியம் லேசர் 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சோடியம் அணு அடுக்கில் ஒளிப்புள்ளி உண்டாக்கும். 39 மீற்றருக்கு அதுவும் ஒன்று போதாது. பல லேசர்களை வைத்துக் காற்றை அடுக்கடுக்காகக் கணிக்கவேண்டும்.

அப்போதும் இரண்டு சிக்கல் மிஞ்சும். லேசர் ஏறும் வழியிலேயே ஒளி இறங்குவதால் முழுப் படத்தின் ஆட்டம் அதில் தெரியாது; அதற்கு மங்கலான ஓர் இயற்கை நட்சத்திரமாவது தேவை. சோடியம் அடுக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தடிப்பு. ஆகவே கண்ணாடியின் ஓரத்திலிருந்து அனுப்பும் லேசர், எதிர் ஓரத்திலிருந்து பார்க்கையில் 10 ஆர்க் செக்கன் நீளக் கோடாகத் தெரியும். சென்சருக்கு அது பெரிய தலையிடி. இதே தொலைநோக்கியில் நட்சத்திரத்தை ஒட்டிய கோளைத் தேடும் மெற்றிஸ் கருவி அந்த நட்சத்திரத்தையே வழிகாட்டியாக வைத்துக்கொள்வது மிகச் சரியான தெரிவு. அகன்ற நட்சத்திரக் கூட்டத்தைப் படமெடுக்கும் மிகாடோ கமெராவுக்கு அது போதாது. மோர்ஃபியோ என்னும் அடாப்டிவ் ஒப்டிக்ஸ் தொகுதியின் லேசர்களும் கூடுதல் வளையும் கண்ணாடிகளும் வேண்டும்.