பஃபலோவின் பனியைப் பிடோக்கிலிருந்து கவனிக்க: அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் இணையத்தளம்

சிங்கப்பூரில் இதுவரை பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸ். 1989 பிப்ரவரி 14ஆம் தேதி பாய லேபாரில் பதிவான அந்த அளவைக் கடுங்குளிர் என்று எண்ணி வளர்ந்து, இங்கே பிடோக் வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு, மேற்படிப்புக்காக நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்குச் சென்ற மகளின் குளிர்காலத்தை எப்படிக் கவனிப்பது என்று தொடக்கத்தில் தெரியவில்லை. கைத்தொலைபேசியிலேயே இருந்த வானிலைச் செயலி ஒரு பனிப்பொழிவுப் படத்தையும் ஓர் எண்ணையும் காட்டியது. இரண்டு அங்குலப் பனிக்கும் நான்கு அடிப் பனிக்கும் அதே படந்தான். இரண்டு குளிர்காலங்களாக அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் இலவச இணையத்தளத்தையே நம்பியிருக்கிறோம். பிள்ளைகளை அப்பக்கம் அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்காக, அதன் நிறையையும் எல்லையையும் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரைத் தட்டி, வரும் வரைபடத்தில் மகளின் வீடு இருக்கும் இடத்தைச் சொடுக்கினால், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் சதுரத்துக்கான முன்னறிவிப்பு கிடைக்கிறது. பஃபலோவுக்கு இந்த நுணுக்கம் இன்றியமையாதது. குளிர்ந்த காற்று, இன்னும் உறையாத எரீ ஏரியின் மேல் நெடுந்தொலைவு வீசும்போது நீரிலிருந்து வெப்பத்தையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு, கரையேறியதும் குறுகிய பட்டையாகப் பனியைக் கொட்டுகிறது. 2022 நவம்பரில் நகருக்குத் தெற்கே ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் பகுதிகளில் சுமார் 80 அங்குலம், அதாவது இரண்டு மீட்டர், பனி விழுந்தபோது பஃபலோ விமான நிலையத்தில் அதில் பாதிகூட விழவில்லை. ஆகவே “பஃபலோவில் பனி” என்ற பொதுச் செய்தியால் ஒரு பெற்றோருக்குப் பயனில்லை. மகள் தங்கியிருக்கும் தெரு அந்தப் பட்டைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே கேள்வி.

அறிவிப்புகளின் மூன்று நிலைகளைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘எச்சரிக்கை’ என்றே சொல்லிவிடுகிறோம்; அங்கே ‘வாட்ச்’ என்றால் ஆபத்தான வானிலை உருவாகும் வாய்ப்பு உண்டு, ஆயத்தமாக இருங்கள் என்று பொருள். ‘வார்னிங்’ என்றால் அது வந்துவிட்டது, அல்லது வருவது ஏறக்குறைய உறுதி. ‘அட்வைசரி’ என்பது சிரமம் தரக்கூடிய, ஆனால் கவனமாக இருந்தால் சமாளிக்கக்கூடிய நிலை. ‘பிளிசர்ட் வார்னிங்’, அதாவது கடும் பனிக்காற்றுக்கான எச்சரிக்கை, எவ்வளவு பனி விழும் என்பதை வைத்துக் கொடுக்கப்படுவதில்லை என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர், வேகக் காற்றும், பறக்கும் பனியால் கால் மைலுக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையும் மூன்று மணி நேரமாவது நீடிக்கும் என்றால் அந்த அறிவிப்பு வரும். புதிய பனி அதிகம் விழாமலேயே, தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பிக்கூட மனிதர்களை வழி தவறச் செய்துவிடும்.

நான் மிகவும் மதிக்கும் பக்கங்கள் இரண்டு. ஒன்று, பனியளவுக்கான நிகழ்தகவுப் பக்கம். அது எதிர்பார்க்கப்படும் அளவோடு, பத்தில் ஒரு வாய்ப்பே உள்ள உச்ச அளவையும், பத்தில் ஒன்பது வாய்ப்புள்ள குறைந்த அளவையும் தனித்தனி வரைபடங்களாகத் தருகிறது. தமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை ஓர் அரசு அலுவலகம் இவ்வளவு வெளிப்படையாகப் பொதுமக்கள் முன் வைப்பது எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்கியது. மற்றொன்று, முன்னறிவிப்பாளர்கள் தங்கள் கணிப்பின் காரணங்களை உரைநடையாக எழுதும் ‘ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்’. கலைச்சொற்கள் நிறைந்திருந்தாலும், எழுதியவரின் உறுதியும் தயக்கமும் அதில் தெரிகின்றன. 2016 வரை இவை தந்தி அச்சுக் காலத்து வழக்கப்படி முழுவதும் பெரிய எழுத்துகளில் வந்தன. இப்போது படிப்பது எளிது. பாரன்ஹீட்டையும் அங்குலத்தையும் நாம் வேண்டியபோது மனத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். நேரமும் அவ்வாறே: குளிர்காலத்தில் அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே இரவு எட்டு.

இவ்வளவு சிறந்த சேவைக்கும் ஓர் எல்லை உண்டு. அதை அறியாமல் இதை மட்டும் நம்புவது ஆபத்து. இந்தச் சேவை என்ன வரும் என்று சொல்லும். சாலையை மூடாது, தங்குமிடம் திறக்காது, பனி அகற்றும் வண்டியை அனுப்பாது. 2022 டிசம்பர் 23 முதல் பஃபலோவைத் தாக்கிய புயலை, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரக்கூடியது என்று வானிலை அலுவலகம் முன்கூட்டியே எழுதியிருந்தது. ஆனால் வாகனங்கள் ஓடக்கூடாது என்று, பஃபலோ அடங்கிய மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான எரீ கவுண்டி விதித்த தடை அன்று காலை ஒன்பதரை மணிக்குத்தான் நடப்புக்கு வந்தது. பலர் அதற்குள் வேலைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். விமான நிலையத்தில் 37 மணி நேரம் தொடர்ந்து பிளிசர்ட் நிலை நீடித்தது. மீட்பு வண்டிகளே பனியில் சிக்கின. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் டெக்சஸின் 254 கவுண்டிகளுக்கும் குளிர்காலப் புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆனாலும் அம்மாநிலத்தின் மின்கட்டமைப்பில் பெரும்பகுதி அண்டை மாநிலங்களோடு சேராமல் தனித்திருந்ததால் போதிய மின்சாரத்தை வெளியிலிருந்து பெற இயலவில்லை. 4.5 மில்லியனுக்கும் மேற்பட்ட வீடுகள் இருளில் மூழ்கின. மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்குப்படி 246 பேர் மாண்டார்கள். இரண்டு இடங்களிலும் முன்னறிவிப்பு வந்திருந்தது.

ஒரே அரசும் ஒரே நகரமுமாக வாழும் நமக்கு இந்த இடைவெளி பழக்கமில்லாதது. அங்கே முதற்பொறுப்பு நகரத்துக்கும் கவுண்டிக்கும் உரியது. அவர்களால் முடியாதபோது மாநில ஆளுநர் நெருக்கடிநிலையை அறிவித்துத் தேசியக் காவற்படையை அனுப்புகிறார். 1996இல் நாடாளுமன்றம் ஏற்ற ஓர் ஒப்பந்தத்தின் வழி மாநிலங்கள் ஒன்றுக்கொன்று ஆட்களையும் கருவிகளையும் கொடுத்து உதவுகின்றன. அதற்கும் மேலே, பத்து வட்டாரங்களாகப் பிரிந்து செயல்படும் மத்திய நெருக்கடி நிர்வாக அமைப்பான ‘ஃபீமா’ வருகிறது. பஃபலோ இரண்டாம் வட்டாரத்தைச் சேர்ந்தது. இந்தப் படிகளில் எதையும் வானிலைப் பக்கத்தில் முழுமையாகக் காண முடியாது.

கைத்தொலைபேசியில் அலறும் அவசர அறிவிப்புகள் உள்ளூர்க் கோபுரங்களின் வழி செல்பவை என்பதால் பிடோக்கில் இருக்கும் நமக்கு வந்து சேரா. எனவே எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பக்கங்களைத் திறந்து வைக்கிறோம்: வானிலைச் சேவையின் பக்கம் ஒன்று, சாலைத் தடையை அறிவிக்கும் எரீ கவுண்டியின் பக்கம் ஒன்று. ‘வாட்ச்’ வந்த அன்றே மகள் அரிசி, பருப்பு, மருந்து, மின்கல விளக்கு, கூடுதல் மின்னேற்றி ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு எங்களுக்குச் செய்தி அனுப்புவாள். சென்ற சனவரியில் ‘வார்னிங்’ வந்த இரவு, “அப்பா, தடை இன்னும் போடவில்லை, ஆனாலும் நான் நாளைக்கு வெளியே போகவில்லை” என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகுதான் என் மனைவி தூங்கப் போனார்.