ஆயுளைப் பேரம் பேசுவதா, இருவரை ஒப்பிடுவதா?

எந்த நோய் எவ்வளவு கொடுமை என்று மக்களிடம் கேட்டு அளக்க இரண்டு வழிகள். முதலாவது ஆயுள் பேரம்: மூட்டு வலியோடு 10 வருஷமா, வலியே இல்லாமல் 8 வருஷமா? இரண்டும் ஒன்றுதான் என்று ஒருவர் சொன்னால் அந்த நிலையின் மதிப்பு 0.8 (முழு ஆரோக்கியம் என்றால் 1). கணக்கு சுத்தம். ஆனால் மும்பை தாராவியில் ஒரு பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், "ஆயுசு என்ன என் கையிலயாப்பா இருக்கு?" என்பார், மீறிப் பதில் சொன்னாலும் கடைசிப் பேத்தி கல்யாணம் வரைக்கும் ஒரு வருஷம்கூட விட்டுத்தர மாட்டார், அது வலியின் அளவே இல்லையே!

இரண்டாவது ஜோடி ஒப்பீடு. ஒருவருக்குக் காது மந்தம், இன்னொருவருக்கு ஓயாத முதுகுவலி. யார் அதிக ஆரோக்கியமானவர்? அவ்வளவுதான், யாரும் பதில் சொல்லிவிடலாம். எந்த நோயால் உலகுக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடும் உலக நோய்ச்சுமை ஆய்வின் 2010 பதிப்பு 30,000-க்கும் அதிகமானவர்களிடம் இப்படிக் கேட்டது. சிக்கலும் அங்கேதான்: முன்பு வல்லுநர்கள் 0.6 என்று போட்டிருந்த பார்வையின்மையின் சுமை சுமார் 0.2-க்கு இறங்கிவிட்டது (இந்த அளவு தலைகீழ்: 0 என்றால் முழு ஆரோக்கியம், 1 என்றால் மரணத்துக்குச் சமம்). கண் தெரியாதவர் ஆரோக்கியமாக இருக்கலாம், சரி, ஆனால் தாராவிச் சந்துகளில் அவர் தனியாக நடப்பது எந்தக் கணக்கில் வரும்?

வாசலில் நின்றபடி கேட்பதென்றால் என் ஓட்டு ஜோடிக்குத்தான். ஆயுள் பேரத்துக்கு உட்கார்ந்து பேச நேரமும், நன்றாகப் பயிற்சி பெற்ற கேள்வியாளரும் வேண்டும்.